ஆண்டுக்கொருமுறை வாசித்த ஏடு

கார்த்தேஜ், மே 19, அரசாணை வந்த ஆண்டு

1. எழுதுபவன்: வழக்குரைஞன் மெத்துன்; துக்கா ஊர்ச் சபையில் வேதம் வாசிக்கும் பாரிக்கின் தமையன்.

அன்புத் தம்பிக்கு,

இருமல் குறைந்ததா? 2. அரசாணைப்படி கிறிஸ்தவரின் புனித நூல்களை வாங்கி எரிக்க அதிகாரி உன் வீட்டுக்கும் வருவார். மறுத்தால் சுரங்க வேலைத் தண்டனை. எது புனிதம் என்பதை ஆணை வரையறுக்கவில்லை. என் கருத்தில், ஞாயிறுதோறும் வாசிக்கப்படுவதே வேதம். அம்மா சிறையில் எழுதிய ஏடு, அவர் விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட நாளில், சபையில் ஆண்டுக்கொருமுறை மட்டுமே வாசிக்கப்படுகிறது, ஆகவே வேதமாகாது. அதைக் கொடு; வேதத்தை ஒளித்துவை. மனம் வலிக்கும். உயிர் தங்கும்.

உன் அண்ணன்,
மெத்துன்


துக்கா, செப்டம்பர் 3, அதன்பின் மூன்றாம் ஆண்டு

அன்புள்ள அண்ணா,

தம்பிக்கு எழுதுவதிலும் எண் போடுகிறீர்களே.

நீங்கள் சொன்னபடியே அன்று செய்தேன். அதிகாரி ஏட்டைப் புரட்டி, "ஏம்ப்பா, இவ்வளவு மெலிசா இருக்கு, இதுவா உங்க வேதம்?" என்றார். "ஆமாங்க" என்றேன். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். எரித்துவிட்டார்கள். வேறு படி கிடையாது.

இப்போது அடக்குமுறை ஓய்ந்ததும் புதிய ஆயர் அந்தப் பதிவை வரவழைத்தார். சபை முன்னால், "பாரிக்கு, வேதத்தக் கொடுத்தவன் துரோகி. அது வேதமில்ல, வீட்டுக் கடுதாசின்னு ஒரு வார்த்த சொல்லு, விட்டுடறேன்" என்றார். பின்வரிசையில் ஒருத்தி, "சொல்லேன்டா, வாய் வலிக்குமா?" என்றாள்.

பதினோர் ஆண்டுகள் நான் அதை வாசித்தபோது இவளும் எழுந்து நின்று அழுதவள்தான். வேதமில்லையென்றால் எதற்காக எழுந்தார்கள்? எனக்கு வாய் வரவில்லை. சபையிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

மலைப்பக்கம் போகிறேன். பதில் எழுதினால் வாங்க இங்கே இருக்க மாட்டேன். இருமல் அப்படியேதான்.

பாரிக்


கார்த்தேஜ், அக்டோபர் 9

தம்பிக்கு,

இதை உன் பெயருக்கு எழுதி, சபைக்கு அனுப்புகிறேன்.

ஆணையைப் படித்த நான் பதிவேட்டை மறந்தேன். வழக்குரைஞன் செய்யத்தகாத பிழை. யோசனை என்னுடையது, குற்றமும் என்னுடையதே.

ஏடு முழுவதும் உனக்கு மனப்பாடம். எனக்கு நினைவிருப்பது ஒரு வரி: "சின்னவனுக்குக் குளிர் ஆகாது, போர்த்திவிடுங்க."

இது வேதமா என்று தீர்ப்புரைக்க எனக்குத் தகுதியில்லை. அன்று உரைத்திருக்கவும் கூடாது. அம்மாவின் கையெழுத்தில் கண்டேன் என்பதற்கு மட்டும் சான்றளிக்கிறேன்.

மலையில் இப்போது குளிர் தொடங்கியிருக்கும்.

ஒப்பம்: மெத்துன்
சாட்சிகள்: நெசவாளி ஸாத்தூரன், விதவை கெமெல்லா