அவிழ்த்துக் கட்டிய ரிப்பன்

ஜூன் 3, செவ்வாய்

வந்துவிட்டது! எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு இரண்டு டயாலிசிஸ் மெஷின். சட்டமன்றத்தில் எழுந்து கேட்கும்போதெல்லாம் "பரிசீலனையில் உள்ளது" என்று உட்கார வைத்தார்கள். சுகாதாரத் துறை மாடிப்படி ஏறி ஏறிச் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்று நினைத்திருந்தேன்.

திறப்பு விழாவுக்குப் போட்டுக்கொள்ளப் புது ரவிக்கை தைக்க எதிர்வீட்டுத் தையல்காரர் அண்ணனிடம் துணி கொண்டுபோனேன். வாரத்தில் மூன்று நாள் பஸ் பிடித்து நகரத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருகிறவர். இந்த மெஷினை நான் கேட்க ஆரம்பித்ததே அவர் படும் பாட்டைப் பார்த்துத்தான். இன்று முகம் வீங்கியிருந்தது. ரவிக்கை என்றைக்குக் கிடைக்கும் என்றேன்.

"தேதி மட்டும் கேக்காதே தங்கச்சி. இப்பல்லாம் யாருக்கும் தேதி சொல்றதில்ல. இருந்தா தைச்சுத் தரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

மந்திரி வரவில்லை. நாற்காலி போட்டு, மைக் வைத்து, டயாலிசிஸ் அறை வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டி எல்லாம் தயார். மத்தியானம் போன்: "வேற நிகழ்ச்சி வந்துடுச்சு, தேதி அப்புறம் சொல்றோம்."

ரிப்பனை அவிழ்க்கலாமா என்று வாட்ச்மேனைக் கேட்டேன். "கட்டினத வெட்டாம அவுத்தா நல்லாருக்காதும்மா" என்றார். நானும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மறுபடியும் தள்ளிப்போட்டுவிட்டார்கள்.

ஜூலை 2, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மெஷினுக்கான தண்ணீர்ச் சோதனை முடிந்துவிட்டது. பயிற்சி முடித்த நர்ஸ்கள் இரண்டு பேர் வெளியே பெஞ்சில் கட்டுத்துணி மடித்துக்கொண்டிருக்கிறார்கள். மெஷின்கள் வெள்ளைத் துணி போர்த்திக்கொண்டு தூங்குகின்றன. பெருக்குகிற அம்மா ரிப்பனுக்கு அடியில் குனிந்து போய்ப் பெருக்கிவிட்டு, குனிந்தே வெளியே வருகிறார். வெளங்கிடும்!

கட்சிச் செயலாளருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "மந்திரி இல்லாம திறந்தா என் தலைதான் உருளும். பொறுங்க மேடம். தேர்தல் வருது, அடுத்த தடவையும் உங்களுக்குச் சீட்டு வேணும்ல?"

வேணும். வேண்டாமென்று எப்படிச் சொல்வேன்? பொறுத்துக்கொண்டேன்.

நான் பொறுத்துக்கொள்கிறேனா? பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறவர் அவர். எனக்கென்ன, பொறுக்கலாம்.

ஜூலை 9, புதன்

அண்ணன் பஸ்ஸிலேயே மயங்கி விழுந்துட்டாராம். அண்ணி போன்ல அழறாங்க. "பாதி வழியில இறக்கி உக்கார வச்சிருக்கேம்மா, மூச்சு வாங்குது, என்ன செய்யறதுன்னே தெரியல" - ஐயோ. அவர் வீட்டுக்குக் கூப்பிடு தூரத்துல மெஷின் இருக்கு. யாருக்காக வச்சிருக்கோம் அதை? என்ன பொழப்பு இது, சீ! கார் சாவி எங்கே -

ஜூலை 10, வியாழன்

பாதியில் விட்டதை எழுதிவிடுகிறேன்.

நேற்று அண்ணனைக் காரில் ஏற்றி நேரே எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தேன். அறை வாசலில் பெரிய டாக்டர் தயங்கினார். "மேலிடத்துல கேக்காம..."

"நீங்க டாக்டரா, ரிப்பனுக்குக் காவலா?"

கூடம் முழுக்கக் கேட்டிருக்கும். கேட்கட்டும். ரிப்பன் முடிச்சு இறுகிப்போயிருந்தது. நகத்தால் முடியாமல் பல்லால் கடித்து அவிழ்த்தேன். டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு உள்ளே போய், மெஷின் மேலிருந்த துணியை அவரே இழுத்துக் கீழே போட்டார். ஆக்சிஜன் வைத்தார்கள். அப்புறம் ஊசி. அண்ணன் கண் திறக்கும் வரை அண்ணி என் கையை விடவில்லை.

வாட்ச்மேன் மட்டும் ரிப்பனைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "மந்திரி வந்தா எதைம்மா வெட்டுவாரு?"

"சாயங்காலம் திரும்பக் கட்டிடுங்க."

ஜூலை 11, வெள்ளி

செயலாளர் போன். "யாரைக் கேட்டுத் திறந்தீங்க?"

"எங்க திறந்தோம்? ரிப்பன் வாசல்ல அப்படியே இருக்கு. சாயங்காலமா வந்து பாருங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரருக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து முடித்ததும் அவரே சொன்னார்: "சீட்டு போச்சு."

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் அவிழ்ப்பது, சாயங்காலம் கட்டுவது. இன்னும் நாலைந்து பேர் முறை போட்டு வருகிறார்கள். செயலாளர் என் போனை எடுப்பதில்லை. கூட்டங்களுக்கு அழைப்பும் இல்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

மந்திரி வந்தேவிட்டார். படம் எடுக்க அறையைக் காலி பண்ணுங்கள் என்று செயலாளர் உள்ளே ஓடினார். கையில் ஊசியோடு படுத்திருந்த அண்ணன், "என் ரத்தம் மெஷினுக்குள்ள சுத்திக்கிட்டிருக்கு தம்பி. அது வந்ததும் சேந்தே கிளம்பறோம்" என்றார். நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டார். யாரையும் எழுப்பக் கூடாது என்று நான் குறுக்கே நின்றேன். செயலாளர் பார்த்த பார்வை இருக்கிறதே!

வாட்ச்மேன் அவசரமாகத் திரும்பக் கட்டிய ரிப்பனை மந்திரி தொட்டுப் பார்த்து, "என்ன இவ்வளவு கசங்கியிருக்கு?" என்றார். வெட்டினார். "இன்று முதல் இந்த ஊர் மக்கள் இனி..." என்று மைக்கில் ஆரம்பித்தார். உள்ளே அண்ணன் தூங்கிப்போயிருந்தார்.

மேடையில் எனக்கு நாற்காலி போடவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

சீட்டு செயலாளருக்கு. டிவியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வயிறு எரிகிறது, பொய் சொல்வானேன்.

அக்டோபர் 6, திங்கள்

துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று எதிர்வீட்டுக்குப் போனேன். "விட்டுடுங்கண்ணே. போட்டுக்கிட்டுப் போக இனிமே எனக்கு எந்த விழாவும் இல்ல."

காது கேட்காதவர் மாதிரி எழுந்து, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து என் தோளை மறுபடி அளந்தார். "இளைச்சுட்டியே" என்றார். முகத்தில் வீக்கம் இல்லை. மேஜை மேல் வெட்டிய துணிகள் குவிந்து கிடந்தன. சுவர்க் காலண்டரில் ஒரு தாளைத் தூக்கி, அதற்கு அடுத்த தாளைப் பார்த்தார்.

"கை நிறைய வேலை கிடக்கு. அடுத்த மாசம் இருபதாம் தேதி வா. ரெடியா இருக்கும்."

நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் தேதி சொன்னார்.