மகள் ஊர்த் தண்ணீர்

கேமியின் அம்மாவுக்கு,

நான் சொல்லச் சொல்ல டீக்கடைக்காரர் எழுதுகிறார். மழை பொய்த்த வருடமாகப் பார்த்து வனத்துறைக்காரர்கள் காட்டையும் பூட்டிவிட்டார்கள். ராஜா காலத்துப் பஞ்சத்தில்கூட நம் ஒட்டகங்களுக்கு அந்தக் காடு திறந்திருந்தது. எனக்கு மறக்குமா?

“ஒட்டகம் மரத்த அழிச்சிடும் தாத்தா, வித்துடு” என்றான் காவலன்.

“டூரிஸ்ட்டு ஜீப்பு ஏறினா மட்டும் தழைக்குமாடா?” என்றேன். சிரிக்கிறான்!

கறிக்காரன் பக்கத்திலேயே காத்து நின்றான். பெண் ஒட்டகத்தை விற்கிற கூட்டமா நாம்? மகளுக்குச் சீராகத்தானே கொடுப்போம். அத்தனையையும் கால்வாய்க்கரைக்கு, கேமியிடமே ஓட்டிவந்துவிட்டேன்.

“உள்ள வாங்கப்பா” என்று அழுதாள். மகளைக் கட்டிக்கொடுத்த ஊரில் நாம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதே. எல்லையிலேயே நின்றேன். ஒட்டகங்கள் வயிறு முட்டக் குடித்தன.

கையில் மிஞ்சியது கோல்தான். காட்டுப் பூட்டில் அதால் ஓர் அடியாவது போட்டுவிட்டுத்தான் வீடு வருவேன்.

உன் வீட்டுக்காரன்