கறுப்பியின் குதிக்கால்

த்ரீ கிங்ஸ், ஆக்லாந்து
2 மார்ச் 2025

அன்புள்ள அஞ்சலினாவின் அப்பாவுக்கு,

மகளும் பேரப்பிள்ளையும் சுகம். தொலைபேசியில் நீங்கள் ‘ஓம், ஓம்’ என்பதற்கு மேல் கதைப்பதில்லை. ஆகவே தாளில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

நேற்று குழந்தையை மருமகனிடம் விட்டுவிட்டு, மகள் என்னை எல்லர்ஸ்லிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கக் கூட்டிப்போனாள். “அம்மா, குதிரையின்ர பின்னங்கால் முழங்கால் பின்பக்கமாய் மடியுது, பாருங்கோ!” என்று சிரித்தாள். “அது முழங்கால் இல்லையடி, குதிக்கால். நீ குதி உயர்ந்த செருப்போட நடக்கிற மாதிரி அது விரல் நுனியிலை நடக்குது. முழங்கால் மேலே, வயித்தோட ஒட்டி இருக்கு. மாட்டுக்கும் அப்பிடித்தான்” என்றேன். படிப்பிக்கிற வேலையில் ஓய்வு வந்தும் வாய்க்கு வரவில்லை.

உடனே முருங்கன் பள்ளிக்கூட முற்றம் நினைவுக்கு வந்தது. விலங்கியல் பாடத்துக்கென்று உங்கள் கறுத்தப் பசுவை இரவல் கேட்டேன். அதன் உடம்பிலேயே சோக்கட்டியால் எழுதினேன்: திமில், அலைதாடி, விலா, குதிக்கால். பிள்ளைகளைவிட, கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற நீங்கள்தான் கவனமாகக் கேட்டீர்கள்.

இருபத்தெட்டாம் திகதி விமானம் ஏறுவீர்கள்தானே? கலியாணம் முடித்த முப்பத்தெட்டு வருடத்தில் ஏழு மாதம் பிரிந்திருப்பது இதுதான் முதல் தடவை.

உங்கள் டோறின்

முருங்கன்
5 மார்ச் 2025

அன்பின் டோறின்,

உமது கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இங்கே பப்பாசி நிறையக் காய்த்திருக்கிறது, தின்ன ஆளில்லை. பக்கத்து வீட்டுச் சோதிலிங்கம் பின்னேரங்களில் வந்து கதைத்துவிட்டுப் போவார்.

அந்தப் பசுவின் வழியில் வந்த நம் கறுப்பிக்குத்தான் சுகமில்லை. குதிக்காலில் முள் ஏறிவிட்டது. ஊன்றி ஊன்றி நடந்து புண் பெரிதாகிவிட்டது. மூன்று கிழமையாக ஆறவில்லை. நோவும் இல்லை, மரத்துப்போய்க் கிடக்கிறது. அவளை விட்டுவிட்டு எப்படி வருவது? பயணத்தைத் தள்ளிவைப்போம். கோபிக்க வேண்டாம்.

சில்வெஸ்ரர்

த்ரீ கிங்ஸ்
6 மார்ச் 2025

அன்புள்ளவருக்கு,

கோபித்தேன். வர விருப்பமில்லாமல் மாட்டைச் சாட்டுகிறீர்கள் என்று நினைத்தேன். பிறகு தேத்தண்ணீரோடு இருந்து மறுபடி வாசித்தேன்.

நடக்கும்போது மாட்டின் குதிக்கால் நிலத்தில் படுவதே இல்லை. காலின் நடுவில், உயரத்தில் இருக்கிற குதியில் முள் எப்படி ஏறும்? அதை ஊன்றி நடப்பது எப்படி? குளம்பு என்று எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். நம் வளவில் குதியை ஊன்றி நடப்பவர் நீங்கள் ஒருவர்தான். சீனி வருத்தமும் உங்களுக்குத்தான். நீரிழிவில் கால் மரத்துப்போனால் புண் நோகாது என்று எனக்குத் தெரியாதா?

அழைத்தால் எடுக்கிறீர்கள் இல்லை. எடுத்த நாட்களிலும் வீடியோவில் முகம் மட்டும்தான். முகம் வேண்டாம், காலைக் காட்டுங்கள். நாளைக் காலையே சோதிலிங்கத்தோடு மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

டோறின்

மன்னார் ஆஸ்பத்திரி
9 மார்ச் 2025

அன்பின் டோறின்,

இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் பாதம் போயிருக்கும் என்றார் டொக்டர். சுத்தம் செய்து கட்டியிருக்கிறார்கள். “நான் மாட்டு வைத்தியரிட்டைப் போறம் எண்டெல்லோ நினைச்சன்” என்று சோதிலிங்கம் பகிடி பண்ணுகிறார். அவர்தான் கறுப்பியைப் பார்க்கிறார். அவளுக்கு ஒரு குறையும் இல்லை.

இரண்டு மாதம் பயணம் கூடாதாம். நீர் வாரும். பச்சைக் குழந்தையோடு மகள் நிற்கும்போது இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அன்று அந்தப் பசுவின் காலடியில் குனிந்து, சேலையெல்லாம் வெள்ளைத் தூள் பட, எந்த இடத்தில் குதிக்கால் என்று எழுதினீர் என்பது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. நான் பிழையாக எழுதினால் நீர் திருத்தாமல் விடமாட்டீர் என்று தெரிந்துதான் எழுதினேன்.

உமது சில்வெஸ்ரர்