பின்கதவில் கீறிய பேரு

நிசா,

நீ தொழுதுக்கிட்டு இருந்த, அதான் கூப்பிடல. காரை பெயிண்ட் அடிக்க விட்டுட்டு வாரேன். சோறு போட்டு மூடி வச்சிருக்கேன், கத்திரிக்கா வெஞ்சனம் பக்கத்துல இருக்கு. இன்னைக்காவது சாப்பிடு.

துரு ஏறிப்போச்சு, அடுத்த மழையைத் தாங்காது. அதுக்குத்தான் பெயிண்டு. "புள்ளையே மவுத்தாயிட்டான், கார் கதவுல கிடக்குற அவன் பேரையும் அழிக்கப் போறீகளா"ன்னு நேத்து நீ கேட்ட.

பெரிய ஷெட்டுல தகரம் தெரியச் சுரண்டித்தான் அடிப்பாங்களாம். வேண்டாம்னுட்டேன். பழனி ரோட்டு பெயிண்டர் மலிவா முடிச்சுத் தாராரு. துருவை மட்டும் தேய்ச்சுட்டு, பழைய பெயிண்டுக்கு மேலயே பட்டி பூசி அடிப்பாரு. அன்வர் ஆணியால கீறுன பேரு உள்ள அப்படியே இருக்கும்.

இஷாக்

துடைக்கப் பழைய துணி கேட்டு பெயிண்டர் ஆள் அனுப்புவாரு. கொடியில கிடக்குற என் கைலியைக் கொடு. பீரோவைத் திறக்காத, அன்வர் சட்டையைப் பார்த்தா அங்கேயே நின்னுடுவ.

இன்னொண்ணு. அந்தப் பேரைக் கீறுனதுக்குத்தான் அன்னைக்கு அவனை அடிச்சேன். நேத்துகூட நீ அதைச் சொல்லிக் காட்டல.