அல்லிக்கு வந்தது மண்டரி அன்று

ஜூன் 11, புதன்
காலை முதல் மழை. தைக்க வேண்டியவை: சீருடை மூன்று, ரவிக்கை இரண்டு. ஒன்றும் தொடங்கவில்லை. என் நாய் அல்லிக்குக் காதோரம், முழங்கை, வயிறு எங்கும் முடி உதிர்ந்து பொருக்கு. ஓயாத சொறிதல்.

வேலிக்கு அப்பால் ஸ்டீபன் அண்ணன், தம் தென்னைகளுக்கு நடுவே. "என்னதாக்கும் பிள்ளே, பட்டிக்குத் தோலெல்லாம் போயி கெடக்கு?" நாயைப் பட்டி என்பதே அவர் வழக்கு.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எனினும் படித்தறிந்ததை எடுத்துரைக்கத் தயங்கியதில்லை. "கண்ணுக்குப் புலப்படாத சிற்றுயிர் தோலைத் துளைத்துக் குடியிருக்கிறது, அண்ணே. தேங்காயைத் தாக்கும் மண்டரியைப் போன்றதே." அழகிய விளக்கம். ஆகவே இங்கும் எழுதினேன்.

ஜூன் 12, வியாழன்
மழை இல்லை. வெக்கை.

வாசலில் ஸ். அண்ணன், அவர் மனைவி மேரி அக்காள்.

"பட்டிக்கு மண்டரியாக்கும். இனி எனக்க தெங்குக்கு ஏறும். முன்னே வந்தப்போ தேங்கா எல்லாம் சுருங்கி எலுமிச்சங்கா போல ஆச்சு, தெரியாண்டாமா?"

"பட்டி தெங்குல ஏறுமா?" என்றார் மேரி அக்காள்.

"நீ சும்மா இரி. மண்டரி ஏறும்."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அல்லியை வேறெங்கேனும் விட வேண்டுமாம். இல்லையேல் அவரே ஆட்டோவில் ஏற்றிக் காட்டாக்கடைச் சந்தையில் விட்டுவிடுவாராம். கருணையாக ஒரு யோசனையும்: தென்னைக்கு அடித்த மருந்து மிச்சம் உண்டு, பூசிப் பார்க்கலாம். வேண்டாம் என்றேன், உரத்த குரலில். நக்கினால் செத்துப்போவாள்.

என் உவமையே அவளை வீட்டைவிட்டு விரட்டுகிறது. நாளை மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

ஜூன் 13, வெள்ளி
கால்நடை மருத்துவமனை. ஆட்டோக்காரர் இருவர் மறுத்தனர். நடந்தே சென்றோம்.

இளம் மருத்துவர், மலையாளப் பெண். பொருக்கின் ஓரத்தைப் பிளேடால் இரத்தம் கசியும் வரை சுரண்டினார். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய். நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டை உடல், குட்டைக் கால்கள். அசைந்தது! கால்கள் எட்டு. எண்ணினேன்.

தென்னையைப் பற்றி வினவினேன். சிரித்துவிட்டார். "அய்யோ சேச்சி, தேங்ஙயிலெ மண்டரி வேறெ, இது வேறெ. ஒண்ணு மற்றேதில் ஜீவிக்கில்ல." ஒன்று மற்றொன்றில் உயிர்வாழாதாம்.

மற்ற நாய்களுக்குத் தொற்றும்; பூனையையும் அண்ட விடக்கூடாது; தொட்டவர் கையும் சில நாள் அரிக்கலாம். ஊசி போட்டார். படுக்கைத் துணியை வெந்நீரில் அலச வேண்டும். இரு வாரம் கழித்து மீண்டும் ஊசி.

"சேச்சி எத்ர வரெ படிச்சு?"

"எட்டு," என்றேன். தலை குனியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு
தூறல். ஆராதனை முடிந்து இருவரும் நேரே வந்தனர். பின்னால் ஆட்டோ. அல்லி என் காலுக்குப் பின்னே.

"அண்ணே, நான் கூறியது பிழை. மண்டரி வேறு, இது வேறு. மருத்துவரே உறுதிசெய்தார்."

"ஒனக்கும் தப்பு வருமா பிள்ளே? இண்ணைக்காக்கும் கேக்கேன்!"

மேரி அக்காள் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆயினும் நகரவில்லை. சுரண்டியது, எண்ணெய், கண்ணாடி எல்லாவற்றையும் முறையாக விளக்கினேன்.

"எட்டுக் காலா? நீயே பாத்தியா?"

"நானே."

ஆட்டோ வெறுமையாகத் திரும்பியது. தன் பிழையை இத்தனை பிழையற்ற வாக்கியத்தில் ஒப்புக்கொள்ள இவ்வூரில் வேறு யார் உளர்?

ஜூன் 29, ஞாயிறு
நல்ல வெயில். இரண்டாம் ஊசி வெள்ளியன்றே முடிந்தது. முழங்கையில் புதுமுடி, மெல்லிய கறுப்பு.

வேலியோரம் ஸ். அண்ணன். "அணில் எளநி எல்லாம் கடிச்சுப் போடுது. அல்லியெ கொஞ்சம் இஞ்ச விடு பிள்ளே."

மருத்துவர் இன்னொரு முறை சுரண்டிப் பார்க்கும் வரை இயலாது என்றேன். "தங்கள் வீட்டில் பூனை உண்டே, அண்ணே."

"அதுக்கும் வருமா?"

"வரக்கூடும்."

உடனே பூனையைத் தூக்கி வயிற்றையும் வாலையும் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"காது, அண்ணே. காதின் ஓரத்தைப் பாருங்கள்."