மீட்டர் சொன்னதும் நான் சொன்னதும்

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னை நல்லவளாகக் காட்டுவதற்காக ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். நூலகத்தில் நான் படித்த நாட்குறிப்புகளில் எல்லோரும் ஏதாவது பெரிய காரியம் செய்கிறார்கள். எங்கள் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: அம்மாவுக்குச் சர்க்கரை வந்திருக்கிறது.

அம்மா கேக் கடையில் வேலை செய்கிறாள். பிறந்தநாள் கேக்கின்மேல் க்ரீமால் பெயர் எழுதுவது அவள் வேலை. க்ரீம் கலக்கும்போது ருசி பார்ப்பதும் அவள்தான். கேக்கைச் சதுரமாக வெட்டும்போது விழும் ஓரங்களைத் தினமும் ஒரு டப்பாவில் எனக்குக் கொண்டுவருவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் முதலில் தேடுவது அந்த டப்பாவைத்தான், அம்மாவை இல்லை. (உண்மையை எழுதுவதாகச் சொல்லியிருக்கிறேன்.)

டாக்டர் நாலு வாரம் சாப்பாட்டைக் கட்டுப்படுத்திப் பார்க்கச் சொன்னாராம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, மீட்டரில் வரும் எண்ணை எழுதிக்கொண்டு போக வேண்டும். அதைப் பார்த்துத்தான் மாத்திரை தேவையா என்று முடிவு செய்வார். அம்மாவுக்கு மீட்டரின் எண் மங்கலாகத் தெரிகிறது. அப்பா பால் வண்டி ஓட்டுபவர், விடிவதற்கு முன்பே போய்விடுவார். அதனால் எண்ணைப் பார்த்துச் சொல்லி எழுதும் வேலை எனக்கு.

"இனிமே நீதான் வீட்டு நர்ஸம்மா" என்றார் அப்பா. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வீட்டில் இனி சர்க்கரை கிடையாது, கேக் டப்பாவும் வராது என்று முடிவானபோது நான்தான் முதலில் கை தூக்கினேன்.

ஜூன் 4, புதன்

212. எழுதினேன்.

ஜூன் 8, ஞாயிறு

171! எண் எழுதுவதற்கென்று தனி நோட்டில் சிவப்பு மையால் கோடு போட்டு அழகான கட்டங்கள் வரைந்திருக்கிறேன். அலமாரியில் இருந்த பாட்டில்களையெல்லாம் எடுத்து, எதில் எவ்வளவு சர்க்கரை ஒளிந்திருக்கிறது என்று லேபிளைப் படித்துக் காட்டினேன். தக்காளி சாஸில்கூட இருக்கிறது. "இவ பேச்சைக் கேட்டாலே சர்க்கரை பயந்துபோய் இறங்கிடும்" என்றார் அப்பா. அவர் சர்க்கரை இல்லாத டீயை மருந்து குடிப்பதுபோல ஒரே மூச்சில் குடிக்கிறார். அவருக்கு ஒரு வியாதியும் இல்லை. அம்மாவுக்குத் துணையாகக் குடிக்கிறார்.

ஜூன் 11, புதன்

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதத்தான் வேண்டும்.

எட்டு நாளாக எதைப் படித்தாலும் கேக் ஓரம்தான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கருகின மணம், பல்லில் ஒட்டுவது. நேற்று அம்மாவிடம் கேட்டேன், கொஞ்சமாக, எனக்கு மட்டும். இன்று கைப்பையில் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தாள். அடுப்படியில் நின்றபடியே தின்றேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"நீயும் ஒண்ணு எடுத்துக்கோம்மா. தனியா திங்க கஷ்டமா இருக்கு."

இதைச் சொன்னது நான்தான். அம்மா ஒன்று எடுத்தாள். பிறகு மூன்று. காகிதத்தைக் கசக்கிக் குப்பையின் அடியில் தள்ளியதும் நான்தான்.

ஜூன் 12, வியாழன்

மீட்டரில் 238.

"எவ்வளவு?" என்று கேட்டாள் அம்மா, விரலைப் பஞ்சால் அழுத்தியபடி.

அதைச் சொன்னால் சாயங்காலம் அப்பா நோட்டைப் பார்ப்பார். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். காகிதப் பொட்டலம் நின்றுவிடும். இவ்வளவும் ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது. "நூத்தி முப்பத்தெட்டு" என்றேன்.

"அப்பாடா" என்றாள். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து எத்தனையோ நாளாகிறது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்வது?

ஜூன் 16, திங்கள்

மீட்டர் 229. நோட்டில் 132. இன்றும் பொட்டலம் வந்தது.

ஜூன் 19, வியாழன்

அப்பா நோட்டை எடுத்துப்போய் உடன் வேலை செய்பவர்களிடம் காட்டியிருக்கிறார். "என் பொண்ணு கட்டம் போட்டு வச்சிருக்கா பாருங்க, ஆஸ்பத்திரியிலகூட இப்படி எழுத மாட்டாங்க" என்றாராம். வந்து சொல்லிச் சிரித்தார். பிறகு அதே டீயைக் குடித்தார். நான் புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருந்தேன்.

என்னிடம் இப்போது இரண்டு நோட்டுகள். ஒன்றில் உண்மை எழுதுகிறேன், யாரும் படிப்பதில்லை. இன்னொன்றில் பொய். அதை எல்லோரும் படிக்கிறார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

கடையில் ஒரு கேக் திரும்பி வந்துவிட்டது. பெயரின் எழுத்துகள் படி ஏறுவதுபோல மேலே மேலே போயிருந்ததாம். கடைசி எழுத்து கேக்கிலேயே இல்லை, தட்டில் இருந்தது. "கண்ணை வீட்டுல கழட்டி வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்று முதலாளி கேட்டாராம். அம்மா அதை வேடிக்கைபோலத்தான் சொன்னாள். சொல்லும்போது கண்ணைக் கசக்கினாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டாள்.

"நம்பர் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் இப்படி மங்குது?" என்றாள்.

மங்கலும் தாகமும் எதனால் என்று நூலகப் புத்தகத்தில் இருக்கிறது. பக்கம்கூட எனக்குத் தெரியும். இந்த வீட்டில் அம்மாவின் கண் ஏன் மங்குகிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாய் திறக்கவில்லை. என்ன பிறவி நான்?

ஜூன் 27, வெள்ளி

திங்கட்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். மீட்டரையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறாராம். எதற்கு? மீட்டர் பெட்டியில் இருந்த கையேட்டை இன்றுதான் பிரித்தேன். ஊரில் உள்ள புத்தகமெல்லாம் படிக்கிறேன், இந்தப் பத்துப் பக்கத்தைப் படிக்கவில்லை. பார்த்த எண்களையெல்லாம் மீட்டர் தேதியோடு நினைவில் வைத்துக்கொள்ளுமாம். பட்டனை அழுத்தினேன். எல்லாமே இருக்கிறது. 238, 229, 244...

அடுத்த பக்கத்தில் எல்லாவற்றையும் அழிப்பது எப்படி என்றும் போட்டிருக்கிறது. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். கட்டைவிரல்களை வைத்துவிட்டேன். வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அழுத்தவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். ஆனால் மாட்டிக்கொள்வேன் என்பதால்தானே சொல்கிறேன்? இந்தக் கையேட்டைப் படிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. தெரியவில்லை என்பதுதான் உண்மை.

ஜூன் 28, சனி

"இருநூத்தி ஐம்பத்தொண்ணு" என்றேன்.

"மீட்டர் ரிப்பேரா?" என்றாள் அம்மா.

மீட்டர் இல்லம்மா, நான்தான் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நம்பர் நல்லா இருக்கேன்னு தைரியம் வந்துடுச்சுடி. கடையில ருசி பாக்கறப்ப ஒரு கரண்டிக்கு ரெண்டு கரண்டியா நக்கிட்டிருந்தேன். எல்லாம் கட்டுக்குள்ள இருக்குன்னு நம்பிட்டேன்."

என்னை நம்பினாள் என்று சொல்லவில்லை. சொல்லாமலே அது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் அப்பாவிடமும் நானே சொன்னேன். "எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். பதினாறு என்றேன். நோட்டை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு வண்டியைக் கழுவப் போய்விட்டார். ஏற்கெனவே கழுவிய வண்டி.

ஜூன் 30, திங்கள்

நேற்று நோட்டைத் திரும்பக் கேட்டு வாங்கி, நீல எண்களுக்குப் பக்கத்தில் மீட்டரில் இருந்த எண்களைச் சிவப்பில் எழுதினேன். டாக்டர் இதென்ன இரண்டு வரிசை என்று கேட்டார். "சின்னப் பொண்ணு, தப்பா எழுதிட்டா" என்றாள் அம்மா, என்னை முந்திக்கொண்டு.

"தப்பா எழுதல. பொய் எழுதினேன்" என்றேன். சத்தமே வரவில்லை, இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருந்தது.

டாக்டர் திட்டவில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தார். சர்க்கரை இறங்கினால் மங்கலும் குறையும், ஆனால் உடனே குறையாது, பொறுமையாக இருக்க வேண்டும் என்றார். நீல வரிசையை நம்பியிருந்தால் மாத்திரையே கொடுத்திருக்க மாட்டேன் என்றும் சொன்னார். அதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துச் சொன்னார்.

ஜூலை 4, வெள்ளி

இப்போதெல்லாம் அப்பா வேலைக்குக் கிளம்புமுன் அம்மாவை எழுப்பி அவரே பார்க்கிறார். நான் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். மீட்டர் 'பீப்' என்று கத்தும். அப்பா எண்ணை மெதுவாகச் சொல்வார். எனக்குக் கேட்காது.

ஜூலை 13, ஞாயிறு

அப்பாவுக்கு விடுமுறை. காலையில் அம்மா கூப்பிட்டாள். மீட்டரை என் கையில் வைத்து, "பாத்துச் சொல்லு" என்றாள்.

எண்ணை இரண்டு முறை பார்த்தேன். "நூத்தி அறுபத்தி மூணு."

அப்பா மீட்டருக்காகக் கையை நீட்டினார். அம்மா அதை என்னிடமிருந்து வாங்கி, உறையில் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினாள். "அவ சொல்லிட்டா இல்ல" என்றாள். அப்பா நீட்டிய கையாலேயே பேனாவை எடுத்து 163 என்று எழுதினார்.

இதை அம்மாவோடு கேக் கடைக்கு வந்து, மாவு மூட்டைமேல் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று எட்டு கேக். க்ரீமை இப்போது முதலாளியே ருசி பார்க்கிறார், குறை வேறு சொல்கிறார். அம்மாவின் எழுத்து இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்கிறது. ஒரு ஓரத் துண்டு தின்றேன். தின்றதை அம்மாவிடம் சொன்னேன். "சரி" என்றாள், தலை நிமிராமல்.

முதலாளி முன்பக்கத்து விளக்குகளை அணைத்துவிட்டார். இந்தப் பக்கத்தையும் அணைக்கிறார்.