துவர்ப்பு மட்டும் மிச்சம்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நான் நலம், ஒன்றைத் தவிர. அங்கே நீ ஒன்றுகூடக் குறையாமல் நலமாக இருக்க வேண்டும். அந்த ஒன்று என்ன என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லலாமே என்று கேட்பாய். போன ஞாயிறு சொல்லத்தான் எடுத்தேன், உன் குரலைக் கேட்டதும் வாய் தானாக "நல்லாயிருக்கேன்டா" என்று சொல்லிவிட்டது. பேனாவுக்கு அந்தக் கெட்ட பழக்கம் இல்லை. கூரியரில் நான்கு நாளில் வந்து சேருமாம். நீ செய்யும் ஒயினைப் புட்டியில் அடைக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று சொன்னாய், அதற்கு முன்னாலேயே உன் கைக்கு வந்துவிடும். பீப்பாய்க்கு நடுவில் நின்றுகொண்டு படிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பிய இரண்டு சிரா ஒயினில் இரண்டாவதுதான் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னது பொய். பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, பொய் சொல்வதற்கு உண்மை என்ன என்றாவது தெரிந்திருக்க வேண்டும். எனக்கு எதுவுமே தெரியவில்லை. என் மூக்கு போய்விட்டது கண்ணு. நான்கு மாதத்துக்கு முன் எனக்குக் காய்ச்சல் வந்ததே, ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று சொன்னேனே, காய்ச்சல் சரியானது, வாசனை திரும்பவில்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். விளக்கைப் போட்டு உள்ளே பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம், பொறுத்துப் பாருங்கம்மா" என்றார். இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. முப்பத்தொரு வருஷம் தேயிலைக் கம்பெனியில் வரிசையாக வைத்த கிண்ணங்களுக்கு முன்னால் நின்று, கரண்டியில் உறிஞ்சித் துப்பி, இது போன வாரத்து இலை, இது நனைந்த மூட்டையில் கிடந்த இலை என்று சொன்னவள் நான். பெண்டாட்டிக்குத் துப்புவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்று உன் அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பார். எனக்கு நானே சொல்லிப் பார்த்தால் சிரிப்பு வரவில்லை.

வாசனை இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உனக்கு எப்படிச் சொல்வது? எல்லாம் அதனதன் இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் வேறு யாரோ குடியிருக்கும் வீட்டுக்கு நான் விருந்தாளியாக வந்த மாதிரி இருக்கிறது. சோப்பும் ஒன்றுதான், சூப்பும் ஒன்றுதான். ஒரு நாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன், பாத்திரம் கருகிப் புகையில் கண் எரிந்த பிறகுதான் ஓடினேன். நீ பயப்படாதே, இப்போது அடுப்புப் பக்கத்திலேயே நாற்காலி போட்டுக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய தொல்லை, என் மேல் என்ன வாசம் அடிக்கிறது என்று எனக்கே தெரியாதது. லிஃப்டில் யாராவது ஏறினால் சுவரோடு ஒட்டிக்கொள்வேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை குளித்தேன். பழைய ஆபீஸ்காரர்கள் மாதம் ஒரு முறை கூடுவோமே, அங்கே போவதை விட்டுவிட்டேன், ஒரு கோப்பையை நீட்டி "இது எப்படி, சொல்லுங்க" என்று கேட்டால் மாட்டிக்கொள்வேன் இல்லையா. முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். அவர்கள் என் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பிவைத்தார்கள், பாவம்.

இந்த நிலைமையில்தான் உன் பெட்டி வந்தது. எவ்வளவு பத்திரமாகச் சுற்றியிருந்தாய், பிரிக்கவே அரை மணி நேரம் ஆனது. ஒன்று, இரண்டு என்று நம்பர் மட்டும் போட்டு, "அம்மா, எது எப்படிச் செஞ்சதுன்னு சொல்ல மாட்டேன், உனக்கு எது பிடிக்குதோ அதைச் சொல்லு" என்று எழுதியிருந்தாய். நீயே முடிவெடுக்கும் முதல் ஒயின் இது, முதலாளி இந்த வருஷம் உன் பொறுப்பில் விட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். சும்மா பார்க்கவில்லை கண்ணு. மதிய வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வெள்ளைக் காகிதம் விரித்து, ஒரு மணி நேரம் முன்னாலேயே இரண்டையும் திறந்து வைத்து, நல்ல கண்ணாடிக் கோப்பைகளில் ஊற்றினேன். நிறம் என்ன நிறம்! நடுவில் கறுப்பு, ஓரத்தில் ஊதா. சுழற்றினேன், மூக்கைக் கோப்பைக்குள்ளேயே விட்டேன். தண்ணீர். இரண்டும் தண்ணீர். கோப்பையை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன், சொன்ன நேரத்துக்கு நீ கூப்பிட்டாய், "என்னம்மா, எது?" என்று கேட்டாய், கை எதன் பக்கத்தில் இருந்ததோ அதைச் சொல்லிவிட்டேன். "ரெண்டாவதுதான்டி, சந்தேகமே இல்லை." மிளகு தெரிகிறது, கருப்புத் திராட்சை தெரிகிறது என்று உன் பழைய கடிதத்தில் இருந்ததையெல்லாம் உனக்கே திருப்பிச் சொன்னேன். நீ "சரிம்மா, முதலாளியும் அதைத்தான் சொன்னாரு" என்றாய். அந்தச் "சரிம்மா" எனக்குத் தெரியும். சின்ன வயதில் பிடிக்காத சட்டையைப் போடச் சொன்னால் இதே குரலில்தான் சரி சொல்வாய். போனை வைத்த பிறகு அது காதிலேயே நின்றுவிட்டது.

என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது யார் தெரியுமா, கீழே சலவைக்கடை வைத்திருப்பவள். நீ போன பிறகு வந்தவள், நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது. புதன்கிழமை துணி கொடுக்கப் போனேன். என் நீலச் சட்டையை மேஜைமேல் விரித்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் சட்டையைப் பார்த்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. இந்தச் சட்டையை ஒரு வாரத்துல மூணாவது தடவையா குடுக்கறீங்க. இதுல அழுக்கே இல்லையே. உங்களுக்கு வாசனை தெரியறதில்லையா? என் தம்பிக்கும் இப்படித்தான் ஆச்சு, பாவம், சென்ட்டை ஊத்திக்கிட்டே திரிஞ்சான்." இஸ்திரிப் பெட்டி ஆவி விடுகிற அந்தக் கடைக்குள், இரண்டு பேர் துணிக்குக் காத்திருக்க, நான் பொலபொலவென்று அழுதுவிட்டேன். நான்கு மாதத்தில் டாக்டரைத் தவிர ஒரு ஆளிடம் சொன்னது அதுதான் முதல் தடவை, அதுவும் நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மற்றவர்களைப் பார்த்து "அக்காவுக்கு ஆவி கண்ணுல பட்டுடுச்சு" என்று சமாளித்தாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. உன் மூக்கைக் கொஞ்சம் இரவல் தருவாயா என்று அவளிடம் கேட்டேன். மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு மேலே வந்தாள். அவள் ஒயின் குடித்ததே இல்லை. "பதினஞ்சு வருஷமா இந்தச் சனியனைத் துணியிலேர்ந்து வெளிய எடுக்கறதுதான் என் வேலை, இன்னைக்குத்தான் உள்ள விடப்போறேன்" என்றாள். பெயர் சிரா என்றேன். "சீராவா? குடிச்சா ஆளு சீரா நடப்பாங்களா?" என்று கேட்டாள். துப்பிவிடலாம் என்று கிண்ணத்தை வைத்தேன், "துப்பறதுக்கா உங்க பொண்ணு அவ்ளோ தூரத்துலேர்ந்து அனுப்பினா?" என்று விழுங்கிவிட்டாள். நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை, தெரிவதை மட்டும் சொல் என்றேன். உனக்குத்தான் தெரியுமே, புட்டியைத் திறந்து சில நாளானால் ஒயின் களைத்துப்போகும், அதனால் அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு கேள். மூடி போட்டுக் குளிர்ப்பெட்டியில்தான் வைத்திருந்தேன். முதல் கோப்பையை மோந்துவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "மிளகை இப்பத்தான் யாரோ இடிச்சாங்க. கருப்பா ஒரு பழம், பேரு வரலை. கீழே பச்சைக் காம்பு கிள்ளின மாதிரி ஒண்ணு." கொஞ்சம் பொறுத்து, "இதுல ஆள் இருக்கு அக்கா" என்றாள். இரண்டாவதை மோந்தாள். "புது மர பீரோவைத் திறந்த மாதிரி இருக்கு. நல்ல பீரோதான். உள்ளே துணி ஒண்ணும் இல்லை." எனக்குச் சிரிப்பு வந்தது, உன்னிடம் நான் நல்லது என்று சொன்னது அந்தக் காலி பீரோவைத்தான். இரண்டாவது புது மரப் பீப்பாயில் வைத்தது, முதலாவது பழைய பீப்பாய், கொஞ்சம் திராட்சைக் குலையைக் காம்போடு போட்டு நொதிக்க வைத்திருக்கிறாய், சரிதானே?

அவள் பேசப் பேச எனக்கும் வீம்பு வந்துவிட்டது. மூக்குதான் போனது, நாக்கும் ஈறும் இருக்கிறதே. வாசனையைத் தேடாமல், துவர்ப்பை மட்டும் பார்த்தேன். தேயிலையில் நான் பிழைத்ததே பாதி அதை வைத்துத்தான். உன் முதல் ஒயினில் துவர்ப்பு அவசரப்படவில்லை. புளிப்பு முன்னால் வந்து நாக்கின் ஓரத்தைத் தொட்டது, அதன் பின்னால் துவர்ப்பு மெதுவாக ஈறு முழுக்கப் பரவி, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, மரியாதையாக எழுந்து போனது. போன பிறகு வாய் ஊறியது. இரண்டாவது நாக்கின் நடுவில் மாவு மாதிரி உட்கார்ந்துகொண்டது, எழுந்திருக்கவே இல்லை, கடைசியில் ஒரு கசப்பு வேறு. இது என் கணிப்பு, இதில் பொய் இல்லை. முதலாவதுதான் கண்ணு. வெள்ளிக்கிழமை சலவைக்கடைக்காரி தானாகவே மறுபடி வந்தாள், நான் கூப்பிடவில்லை. மிச்சத்தை ஊற்றிப் பார்த்தோம், முதலாவது இன்னும் நிற்கிறது, இரண்டாவது சப்பென்று ஆகிவிட்டது.

ஆனாலும் என் பேச்சையும் அவள் பேச்சையும் கேட்டு முடிவெடுக்காதே. நீயே இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார், உன் மூக்கு சொல்வதை நம்பு. முதலாளியிடம் மரியாதையாகப் பேசு, ஆனால் பேசு. அம்மா புரியாமல் சொல்லிவிட்டாள் என்று என் தலையில் போட்டுவிடு, பரவாயில்லை.

இவ்வளவு நாள் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். உன் வேலை கெடக்கூடாது என்று என்னிடமே நான் சொல்லிக்கொண்டேன், அது பாதிதான். நீ வீட்டை விட்டுப் போன இந்த ஒன்பது வருஷத்தில் என்னைக் கூப்பிட்ட போதெல்லாம் என் மூக்கைத்தான் கூப்பிட்டாய். பீப்பாயில் ஒரு வாசம் வருதும்மா, அது என்ன, திராட்சை இன்னும் பழுக்கணுமாம்மா என்று. அது எனக்குப் பெருமையாக இருந்தது. மூக்கு இல்லாத அம்மாவிடம் உனக்குப் பேச என்ன இருக்கும் என்று பயந்துவிட்டேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தப் பேச்சை வளர்த்ததும் நான்தான், வேறு எதையும் கேட்க எனக்கும் வரவில்லை. நீ ராத்திரி யாரோடு சாப்பிடுகிறாய் என்பதுகூட எனக்குத் தெரியாது.

உடம்பைப் பார்த்துக்கொள். வெறும் வயிற்றில் பீப்பாய் பீப்பாயாகச் சுவைத்துக்கொண்டு திரியாதே, முதலில் ஒரு துண்டு ரொட்டியாவது உள்ளே போகட்டும். பீப்பாய் கழுவ வெந்நீர்க் குழாயைப் பிடிக்கும்போது கையுறை போடு. நீ எடுத்து வைக்கும் அடி எல்லாம் நல்லபடியாக அமையட்டும், உன் பெயரில் வரும் முதல் புட்டி உன் தலையை நிமிர்த்தட்டும், உன்னைச் சுற்றி நல்ல மனிதர்கள் இருக்கட்டும். ஒன்று மறக்காதே, அடுத்த முறை சும்மா கூப்பிடு. கேட்க ஒன்றும் இல்லாத போது கூப்பிடு.

உன் அம்மா